நின்ற பெட்டிக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 18, புதன்

துவாக்குடி போய்வந்தேன். வால்வு செய்கிற கம்பெனி. சர்வர் நாலு வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று. நாலாவது எதற்கு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நிறுத்தப் பயந்துகொண்டு ஓடவிட்டிருக்கிறார்கள்.

எல்லோரிடமும் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் ஒண்டுக்குடித்தன வீடு பார்த்திருப்பீர்கள். வீடு ஒன்று, கிணறு ஒன்று, குடும்பம் நாலு, பூட்டு தனித்தனி. இதுவும் அப்படித்தான். நல்ல பெட்டியாக ஒன்று வாங்குங்கள். உங்கள் நாலு சர்வரையும் உள்ளது உள்ளபடி பிரதி எடுத்து அதற்குள் குடிவைக்கிறேன். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெட்டி பழுதானால் வேறு பெட்டிக்குக் குடிமாற்றிவிடலாம். இனி உங்கள் சர்வருக்குச் சாவு கிடையாது.

மேனேஜர் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். டீ கூட வந்தது. கடைசியில், "எல்லாம் சரிங்கம்மா. சார் எப்ப வருவாரு?" என்றார்.

"சார் பங்குனியில தவறிட்டாரு."

"அடடா. அப்ப டெக்னிக்கலா யாரு வந்து பேசுவாங்க?"

"இவ்வளவு நேரம் யாரு பேசினது?"

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசிச் சனி. கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

அரியமங்கலம் வீரமலை போன் செய்தார். பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறை அவருடையது. ஆகஸ்டில் அவருடைய பழைய சர்வரைப் புதுப் பெட்டிக்குள் மாற்றிக் கொடுத்தேன். ஒரு புகாரும் இல்லையாம். "சார் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு மேடம்" என்றார்.

சார் இருந்தபோதும் அதைச் செய்தது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

எழுதியாவது வைக்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. டைப்ரைட்டிங் ஹையர். மற்றதெல்லாம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தப்பாகச் செய்து, அழித்து, மறுபடி செய்து நானாகக் கற்றுக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஸ்ரீதர் டிப்ளமோ. பெரிய ஆலையில் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். இருவரும் சேர்ந்துதான் கடையைத் தொடங்கினோம். பெண்பிள்ளை சர்வரைத் தொட்டாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எல்லா மிஷினிலும் அவர் பெயரில்தான் கணக்குத் திறந்தோம். வேலை என்னுடையது. உள்ளே போகிற பெயர் அவருடையது. அது பரவாயில்லை, தொழிலுக்காக. ஆனால் சிறுதொழில் சங்க மலரில் அவர் படத்தைப் போட்டு முழுப் பக்கம் எழுதினார்களே, அதில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லையே, அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாரே — அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவர் கீழே, நான் மாடியில். பல வருஷம். ஆஸ்பத்திரியில் பேசினேன். மாத்திரை, ஸ்கேன், கையெழுத்து, அந்த மாதிரிப் பேச்சு.

வீரமலையின் பழைய மிஷினில் இராத்திரி பேக்கப் முடிந்ததும் காலையில் எனக்கு ஒரு மெயில் வரும். அதை அனுப்புகிற நிரல், அந்தப் புரோகிராம், முழுக்க நான் எழுதியது. ஒரே ஒரு வரி மட்டும் அவர் சேர்த்தது. பேச்சு நின்ற பிறகு எனக்குச் சொல்லாமல் சேர்த்திருந்தார். நேரில் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன் என்று தெரியும் அவருக்கு. தினமும் காலையில், கீழ்வீட்டில் இருப்பவரிடமிருந்து, அரியமங்கலம் சுற்றிக்கொண்டு வரும்:

"அனுப்புநர்: ஸ்ரீதர். இரவு வேலை முடிந்தது. நீ சாப்பிட்டாயா?"

பதில் அனுப்ப முடியாத விலாசம் அது. நான் அனுப்பியிருக்கவும் மாட்டேன்.

அவர் போன பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆகஸ்டில் புதுப் பெட்டிக்கு மாற்றியபோது அவர் கணக்கை நீக்கினேன். நிரலை என் பெயரில் புதிதாக எழுதினேன். மெயில் இனி அவர்கள் ஆபீசுக்கு மட்டும். பழைய மிஷினை நிறுத்தி, ஒயரையெல்லாம் கழற்றி, "பரண்ல ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மெயில் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. வருஷம் திரும்பாத வீடு, பண்டிகை கிடையாது. லேப்டாப்பைத் துடைத்து மட்டும் வைத்தேன்.

வருஷா வருஷம் வீரமலை பட்டறைப் பூசைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம். சாயந்திரம் ஆள் வந்து பொரியும் சுண்டலும் வாசலோடு கொடுத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் மெயில் வந்தது.

"நீ சாப்பிட்டாயா?"

அக்டோபர் 14, திங்கள்

இன்றும்.

பழைய மெயில் தாமதமாக வந்ததோ என்று நேற்று நினைத்தேன். இல்லை. தேதி இன்றைய தேதி.

லேப்டாப் வழியாக வீரமலையின் புதுப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். ஸ்ரீதர் என்று ஒரு கணக்கு அங்கே இல்லை. நான்தானே நீக்கினேன். நீக்கும்போது 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டதும் நினைவிருக்கிறது. ஆம் என்று அழுத்தியதும்.

இல்லாத பெயரில் யார் அனுப்புகிறார்கள்?

அக்டோபர் 16, புதன்

வீரமலையிடமிருந்து போன். குரலே சரியில்லை. "கொஞ்சம் நேர்ல வாங்க மேடம்."

போனேன். சரக்கு வெளியே போவதற்கு ஸ்டோர்ஸில் போடுகிற கேட்பாஸ் ஆபீசில் தெரியவில்லையாம். ஆபீசில் இல்லையென்றால் பில் போட முடியாது. பில் இல்லாமல் போன சரக்கு லாரி வாங்குகிற கம்பெனியின் கேட்டில் இரண்டு நாளாக நிற்கிறதாம். ஸ்டோர்ஸில் போய்க் கேட்டால், "நான் போட்டேனே, இதோ இருக்கே" என்கிறார்களாம். இங்கே வந்து பார்த்தால் இல்லை. சில சமயம் இருக்கிறது, மறுபடி பார்த்தால் இல்லை. ஆபீஸ் பெண் சபீனா, "பேய் பிடிச்ச மாதிரி இருக்கு மேடம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுப் பெட்டியை அக்கக்காகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

தென்னூர் ரஞ்சித் அங்கே உட்கார்ந்திருந்தான். வாடகைக்கு ஆன்லைனில் சர்வர் கொடுக்கிறவன். "ஆன்ட்டி, குறையே இல்லன்னா லாரி எப்படி நிக்குது?" என்றான்.

"உன்கிட்ட யாரும் கேக்கல."

"வயசான காலத்துல பெட்டியத் தூக்கிட்டு அலையணுமா? எல்லாத்தையும் மேல அனுப்பிட்டா நிம்மதி."

"உன்னோட மேலயும் எவனோ வாங்கி வச்ச பெட்டிதான்டா இருக்கு. அதுக்கும் தூசி துடைக்கணும்."

வீரமலை நடுவில் கையைக் காட்டினார். "மேடம், தீபாவளி வரைக்கும் பாக்கறேன். சரியாகலன்னா ரஞ்சித்துகிட்ட கொடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க. சார் இருந்தா இப்படி ஆயிருக்காது."

அரியமங்கலத்தில் என் வாடிக்கையாளர் எல்லோரும் வீரமலையைப் பார்த்து வந்தவர்கள். அவர் போனால் அத்தனை பேரும் போவார்கள். அது தெரிந்துதான் ரஞ்சித் அங்கே உட்கார்ந்திருந்தான்.

மெயிலைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அதோடு முடித்துவிடுவார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

வைஷ்ணவி பெங்களூரிலிருந்து பேசினாள். "போதும்மா. கடையை மூடிட்டு இங்க வந்துடு."

"என் வேலையில தப்பு இல்ல."

"தப்புன்னு யாரும்மா சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நீயும் இப்ப அதைத்தான் சொல்ற."

வைத்துவிட்டாள். நான் வைத்தேனோ. பெண்ணிடமும் மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

தினமும் வருகிறது. விடிவதற்குள் விழித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வரக்கூடாது என்றா, வரவேண்டும் என்றா? கொஞ்சம் தாமதமானால் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேற்றெல்லாம் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் அவருக்குப் பதில் சொன்னதாகிவிடும் போல. என்ன பைத்தியக்காரத்தனம் இது.

என்னங்க வேணும் உங்களுக்கு? இருந்தப்ப என் வேலை பூரா உங்க பேருல போச்சு. செத்தும் உள்ள வந்து உக்காந்துக்கிட்டீங்க. லாரி நின்னா என் பேரு. சரியா ஓடினா உங்க பேரு. சாப்டியான்னு கேக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு அந்த மலரைப் பாத்து, இது என் பொண்டாட்டி செஞ்ச வேலைன்னு சொல்லத் தெரியலையே. சமையல்கட்டுக்கு வந்து தட்டைத் திறந்து பாத்திருக்கலாமே. மாடிப்படி எத்தனை தூரம்?

கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. இருந்தும் இன்று படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதை என்று தெரியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ரஞ்சித் செய்கிற வேலை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். என்னைக் குலைத்துக் கிளப்புவதற்காக அவர் பெயரில் அனுப்புகிறான். நேரே தென்னூர் போய் அவன் ஆபீசில் ஏறினேன். போனை மேசையில் வைத்து, "இது உன் வேலைதானே?" என்றேன்.

படித்தான். முகம் மாறிவிட்டது. இந்தப் பையனுக்கு இப்படி ஒரு முகம் உண்டென்று எனக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, நான் தொழிலுக்குப் போட்டி போடுவேன். இப்படியெல்லாம் செய்வேனா?"

"வேற யாரு செய்வா?"

"சார் உங்களை இப்படிக் கேப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்?"

போனை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அவன் பின்னாலேயே வந்து, "தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றான். குடிக்கவில்லை.

பஸ்ஸில் காவிரிப் பாலம் ஏறும்போதுதான் அவன் சொன்னது உறைத்தது. யாருக்கும் தெரியாது. நான் யாருக்கும் காட்டியதில்லை. புதுப் பெட்டிக்குள் அந்த வரி இல்லை, நான் சேர்க்கவில்லை. உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் அது எழுதியிருந்தது. நான் நிறுத்திவிட்டு வந்த மிஷினில்.

நின்ற மிஷின் எப்படி எழுதும்?

அக்டோபர் 23, புதன்

காலையில் போன் எதுவும் செய்யாமல் அரியமங்கலம் போனேன். வீரமலை இல்லை. "பரணைக் காட்டு" என்று சபீனாவிடம் சொன்னேன். பட்டறை ஆளே ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். பெயிண்ட் டப்பா, பழைய ஃபேன், கிழிந்த தார்ப்பாய். மிஷின் இல்லை.

ஸ்டோர்ஸுக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்வது வீரமலையின் மனைவி வேலம்மாள். சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான். ஐம்பது வயது இருக்கும். பட்டறையில் வீரமலைக்குப் பயப்படாதவர்கள் கூட இவளுக்குப் பயப்படுவார்கள்.

"பழைய சர்வர் எங்கம்மா?"

"பத்திரமா இருக்கு. அது வந்த பிறகுதானே இந்தப் பட்டறை பெருசாச்சு. ராசியான மிஷின். அதைப் போய் பரண்ல போடச் சொல்றீங்க."

ஸ்டோர்ஸின் கடைசி அறையைத் திறந்தாள். சாமி படங்களுக்குக் கீழே ஸ்டூலில் அது இருந்தது. சந்தனம், குங்குமம், வாடின சாமந்தி மாலை. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம். பச்சை விளக்கு.

நட்டும் போல்ட்டும் இருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு ஓட்டினது?"

"நான்தான். ஆயுத பூசையன்னைக்கு எல்லா மிஷினையும் நிறுத்திப் பொட்டு வச்சோம். விஜயதசமியன்னைக்குத் தேங்கா உடைச்சு எல்லாத்தையும் ஓட்டினோம். பொட்டு வச்ச மிஷினை ஓட்டாம விடலாமா? விட்டா அது செத்த மிஷின்னு ஆயிடும். பட்டறைக்கு ஆகாது."

"சரி, ஓட்டினீங்க. நெட்வொர்க் ஒயரை எதுக்கு மாட்டினீங்க?"

"எல்லா ஒயரும் மாட்டினாத்தானே முழுசா ஓட்டின மாதிரி? அரைகுறையா ஓட்டச் சொல்றீங்களா?"

அவள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

நடந்தது இதுதான். ஒரே பெயர், ஒரே விலாசம், இரண்டு மிஷின். ஒன்று ஆபீசில், புதுப் பெட்டிக்குள். இன்னொன்று இங்கே, மாலை போட்டுக்கொண்டு. தன்னைப் பிரதி எடுத்தது பழைய மிஷினுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தவர் மாதிரி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தது முந்திக்கொண்டு பதில் சொன்னது. கேட்பாஸ் எல்லாம் இதற்குள் போய்விட்டது. ஆபீஸ் அதைத் தேடிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பில் புதுப் பெட்டியின் வாசல் வழியாகவே போய்ப் பார்த்ததால் எனக்குப் புதியது மட்டுமே தெரிந்தது. இராத்திரியானால் இதற்குள் இருந்த ஸ்ரீதர் என்கிற பெயர் எழுந்து பேக்கப் எடுத்து, என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறது.

பூசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே அந்த ஒயரைப் பிடுங்கியிருப்பேன். இதை வேலம்மாளிடம் சொல்லியும்விட்டேன். "வருஷம் திரும்பாதவளைக் கூப்பிடக் கூடாதுன்னு விட்டீங்க. அதனாலதான் லாரி நின்னுச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். மாலையிலிருந்து வாடின பூ ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். "நான் கூப்பிடணும்னுதான் சொன்னேன். இவருதான் சங்கடமா இருக்கும்னாரு" என்றாள். நிஜமோ என்னவோ.

நெட்வொர்க் ஒயரை மட்டும் பிடுங்கினேன். மிஷினை நிறுத்தவில்லை. இதற்குள் போன கேட்பாஸை எல்லாம் முதலில் வெளியே எடுக்கவேண்டும்.

அக்டோபர் 24, வியாழன்

காலையில் மெயில் வரவில்லை. ஒயர் இல்லை, எப்படி வரும். தெரிந்தும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பகலெல்லாம் ஸ்டோர்ஸில். பழைய மிஷினில் இருந்த கேட்பாஸை வேலம்மாள் ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் புதியதில் அடித்தேன். நன்றாகப் படிக்கிறாள். எண் ஒன்று உதைத்தால் நான் சொல்வதற்குள் அவளே நிறுத்திவிடுகிறாள். சாயந்திரத்துக்குள் இரண்டும் ஒத்துப்போனது. சபீனா பில் போட்டாள். லாரிக்குப் போன் போயிற்று.

வீரமலை வந்தார். "மேடம், மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். ரஞ்சித்தை எனக்கு முன்னால கூப்பிட்டு, மேடம் வேலையில தப்பு இல்லன்னு சொல்லுங்க."

"இப்பவேவா?"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். சொன்னார். அந்தப் பக்கம் ரஞ்சித், "சரிங்கண்ணே. ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா? அந்த மெயில் என்னாச்சுன்னு கேளுங்க" என்றான். "எந்த மெயில்?" என்றார் வீரமலை. "ஒண்ணுமில்ல" என்றேன் நான்.

வீரமலைக்கு மாலை போட்ட மிஷினைப் பார்க்கப் பாவமாக இருந்தது போல. "இதையும் புதுசுக்குள்ள இன்னொரு குடித்தனமா வச்சுடலாமே மேடம்? எந்த மிஷினையும் சாகவிட மாட்டேன்னு நீங்கதானே சொல்வீங்க. சார் கை பட்ட மிஷின்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு விஷயத்தில் நான் அப்படிச் சொன்னது வெகுநாளைக்குப் பிறகு இதுதான்.

முடியும். அரைநாள் வேலை. வேறு பெயர் வைத்து, வெளியே எட்டாமல் தனி அறையில் பூட்டி, எனக்கு மட்டும் ஒரு வாசல் விட்டு. நான் இருக்கும்வரை தினமும் காலையில் கேட்டுக்கொண்டே இருப்பார். என் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கீழ்வீட்டில் வைக்கலாம்.

கீழ்வீட்டில் வைத்து?

அக்டோபர் 25, வெள்ளி

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறுத்துவதற்கு முன் திரையைப் போட்டுப் பார்த்தேன். ஒயர் பிடுங்கியது அதற்குத் தெரியவில்லை. ஒயர் இல்லாத இரண்டு இராத்திரியும் வேலையை முடித்து எழுதியிருக்கிறது. அனுப்ப முடியவில்லை, மீண்டும் முயல்கிறேன். அனுப்ப முடியவில்லை, மீண்டும் முயல்கிறேன் என்று பக்கம் பக்கமாக. அடியில் அந்த வரி.

அனுப்புகிற இடத்திலேயே அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் வந்து சேர்ந்ததைத்தான் பார்த்தேன்.

வேலம்மாள் பின்னால் நின்றிருந்தாள். தமிழில் எழுதியிருந்ததால் அவளும் படித்துவிட்டாள். "சும்மா நிறுத்தக் கூடாது. ஓட்டின மிஷின்" என்று மட்டும் சொல்லி, ஒரு தட்டில் கற்பூரம் வைத்துத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"வருஷம் திரும்பல எனக்கு."

"தெரியும். உங்க மிஷின்தானே. நீங்கதான் ஏத்தணும்."

உங்கள் மிஷின். சாருடையது என்று சொல்லவில்லை.

ஏற்றினேன். அது எரிந்து முடியும்வரை இருவரும் நின்றோம். பிறகு நிறுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஃபேன் உடனே நிற்கவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் நின்றது. எல்லாம் பதிந்திருக்கிற டிஸ்கைக் கழற்றி, பட்டறையில் துளை போடுகிற மிஷின்காரனிடம் நானே கொடுத்தேன். "நிஜமாவா மேடம்?" என்று அவனும் கேட்டான். போடு என்றேன்.

வெறும் பெட்டியை வேலம்மாளிடமே விட்டுவிட்டேன். அடுத்த வருஷமும் பொட்டு வைக்கட்டும். ஒயரை மட்டும் எடுத்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

துவாக்குடி வால்வுக்காரர் கூப்பிட்டார். வீரமலை சொன்னாராம். "எப்ப வரீங்கம்மா?" என்றார். சாரைப் பற்றிக் கேட்கவில்லை. வீரமலையும் புது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். அதில் 'திருமதி ஸ்ரீதர்' என்று அடித்திருந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். என் பெயர் சுபலட்சுமி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நமக்கு இல்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம்.

விடிவதற்குள் விழித்துக்கொண்டேன். போனைப் பார்க்கவில்லை. வேலம்மாள் பட்டறை ஆளிடம் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பியிருந்தாள். இந்தத் தடவை அவன் வாசலோடு போகவில்லை. உள்ளே வந்து, அம்மா நேரில் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள் என்று டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பூட்டைத் திறந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவர் நாற்காலியில் தூசி. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன்.